சிவப்போடு வெள்ளையைச் சேர்த்த நாள்

வார்டு டாக்டரம்மா இதை எழுதித் தரச் சொன்னார். தலையில் அடிபட்டு வருகிறவர்களின் வீட்டார் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து படிக்கலாமாம். எனக்கு அஞ்சாம் வகுப்புப் படிப்பு. பேச்சும் கம்மி. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

என் பேர் ஆறுமுகம். சோமனூருக்குப் பக்கத்தில் ஊர். விசைத்தறிக்குப் பாவு பிணைப்பது தொழில். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஓடித் தீர்ந்ததும் புதுப் பாவு ஏற்றுவார்கள். பழைய பாவின் நுனி இழைகள் தறியிலேயே இருக்கும். அவை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். மூவாயிரத்துக்கு மேல் இருக்கும். விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு, இரண்டு இழையையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு முறுக்கு. முறுக்கு சரியாக விழுந்தால் இழுத்தாலும் வராது.

என் வீட்டுக்காரி மயிலாத்தாளும் நானும் ஜோடியாகப் பிணைப்போம். நான் வலது கோடியில் தொடங்குவேன். அவள் இடது கோடியில். நடுவில் வந்து சேர்வோம். எப்போதும் நான்தான் முதலில் நடுவுக்கு வருவேன். இருபது வருஷமாக அப்படித்தான்.

அது ஆடி மாதம். ஆடிக் காற்று எங்கள் பக்கம் எப்படி என்று பாலக்காட்டுக் கணவாய்க்கு நேராகக் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். மயிலாத்தாளைக் கேரியரில் வைத்து மிதித்தால் சைக்கிள் ரோட்டை விட்டு இறங்கப் பார்க்கும். அதனால் அவளை டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் சைக்கிளில் போனேன். தலைக்குத் துண்டு கட்டியிருந்தேன். நாங்கள் பிணைத்த பாவில் ஓடிய துண்டு. சிவப்புக் கரை போட்டது. முதலாளி தீபாவளிக்குக் கொடுத்தார்.

வாய்க்கால் பாலத்து இறக்கத்தில் காற்று அந்தத் துண்டை அவிழ்த்து முகத்தில் போட்டது. ஒன்றும் தெரியவில்லை. ஒரு கையால் துண்டைப் பிடித்தேன். மறு கை முன் பிரேக்கை அழுத்திவிட்டது. சைக்கிள் நின்றது. நான் நிற்கவில்லை. பாலத்துக் கட்டைச் சுவரில் இடது காதுக்கு மேலே அடி.

எழுந்தேன். ரத்தம் இல்லை. எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம் மட்டும். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். பெட்டிக்கடையில் சோடா வாங்கிக் குடித்தேன். முன் சக்கரத்தை முழங்காலுக்கு நடுவே வைத்து ஹேண்டில்பாரை நிமிர்த்திவிட்டு வேலைக்குப் போனேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான். விழுந்தது இரண்டாவது.

தறிக்குடோனில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். உட்கார்ந்து பிணைக்கத் தொடங்கினேன். தலை கனத்தது. வெயில் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நடந்தது எனக்கு நினைவில்லை. மயிலாத்தாள் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

அது அகலத் தறி. ஒரே பாவில் பக்கம் பக்கமாக இரண்டு துண்டு ஓடும். அதனால் பாவின் நடுவிலும் சிவப்புக் கரை உண்டு. அன்றைக்கு அவள்தான் முதலில் நடுவுக்கு வந்தாளாம். என்றைக்கும் இல்லாத அதிசயமாக இருக்கிறதே என்று கேலி பேசத்தான் என் பக்கம் திரும்பியிருக்கிறாள். நான் பழைய பாவின் சிவப்பு இழையோடு புதுப் பாவின் வெள்ளை இழையைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று அல்ல. ஏழெட்டு.

"ஏனுங்க, சிவப்போட வெள்ளையச் சேத்துறீங்களே" என்றாளாம்.

"சரியாத்தான் இருக்குது" என்றேனாம்.

அடுத்த இழையும் அப்படியே. அப்போது வலது கை நழுவி மடியில் விழுந்ததாம். எடுத்து வைத்தேன். மறுபடி விழுந்தது. நான் அந்தக் கையைப் பார்த்துச் சிரித்தேனாம்.

அவள் எழுந்து நேராக முதலாளியிடம் போயிருக்கிறாள். வெயிலாக இருக்கும், ஒரு மோர் குடித்துவிட்டுப் படுத்தால் சரியாகிவிடும் என்றார் முதலாளி. கெட்ட மனுஷர் அல்ல. யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மயிலாத்தாள் கேட்கவில்லை.

"இருபது வருசத்துல இவரு ஒரு கரை இழை மாத்துனதில்லீங்க. காச்சல்ல வந்து பிணைச்சாரு, அப்பவும் மாத்துலீங்க. இவரு தலைக்குள்ள என்னமோ ஆயிப்போச்சுங்க. காரை எடுங்க" என்றாளாம்.

முதலாளியிடம் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் காரை எடுத்தார். வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தேனாம், அவர் சீட்டில். பிறகு தூங்கிவிட்டேன். எழுப்பினால் எழவில்லை.

கோயமுத்தூரில் ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேன் என்றால் ஒன்றும் செய்யாது. பெரிய வளையத்துக்குள் தலையை விட்டுப் படம் எடுப்பார்கள். வலிக்காது. உள்ளே என்ன ஆயிற்று என்று டாக்டரம்மா பிற்பாடு எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். மண்டை ஓட்டுக்கு உள்பக்கம், மூளையைச் சுற்றி ஒரு தடித்த தோல் இருக்கிறது. ஓட்டுக்கும் அந்தத் தோலுக்கும் நடுவே ஓடுகிற ரத்தக்குழாய் அடிபட்டதில் கிழிந்துவிட்டது. ரத்தம் கசிந்து கசிந்து சேர்கிறது. ஓடு விரியாது. அதனால் மூளைதான் அமுங்க வேண்டும். கொஞ்சம் சேரும்வரை ஆள் நன்றாக இருப்பான். நடப்பான், சோடா குடிப்பான், வேலைக்குப் போவான். அந்த நல்ல நேரத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் ஏமாந்துபோகிறார்கள். இடது பக்கம் அமுங்கினால் வலது கை போகும். எனக்கு அதுதான்.

அன்றைக்கே மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்துவிட்டு ஓட்டை மறுபடி வைத்து மூடினார்கள். நான் கண் விழித்தது மூன்றாம் நாள். பெரிய டாக்டர் மயிலாத்தாளிடம், எப்படியம்மா இவ்வளவு சீக்கிரம் கூட்டி வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். இவள் சிவப்பு இழையைச் சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. தன் சேலை முந்தானையை விரித்து, கரை இழை எப்படி ஓடுகிறது என்று காட்டி விளக்கினாளாம். அதற்குப் பிறகு ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் கூட வரும் சின்ன டாக்டர்களிடம், "ஸ்கேனுக்கு முன்னாலேயே கண்டுபிடிச்சது இந்தம்மாதான்" என்பார். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். உள்ளுக்குள் பெருமைதான்.

விழித்ததும் என் பேர் கேட்டார்கள். சொன்னேன். ஊர் கேட்டார்கள். சொன்னேன். வலது கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். அது படுக்கையிலேயே கிடந்தது.

உயிர் பிழைத்ததில் எல்லாருக்கும் சந்தோஷம். நானும் தலையை ஆட்டினேன். ஆனால் எனக்கு அந்த இரண்டு விரல்தான் எல்லாம். அவை இல்லாவிட்டால் நான் பாவு பிணைக்கிறவன் இல்லை. என் ஜோடிக்கும் வேலை இல்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. மயிலாத்தாளும் கேட்கவில்லை. என் வலது கையைத் துடைக்கும்போது அந்த இரண்டு விரலை மட்டும் இரண்டு தடவை துடைப்பாள்.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் நாச்சிமுத்து என்று ஒருவர். அன்னூர்ப் பக்கம் முட்டை வியாபாரம். மோட்டார் பைக்கில் முட்டை கட்டிக்கொண்டு வந்தவர் லாரிக்கு ஒதுங்கிக் கவிழ்ந்துவிட்டார். தொடை எலும்பு முறிந்து காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். ஹெல்மெட் போட்டிருந்ததால் தலைக்கு ஒன்றும் இல்லை. வாய்க்கும் ஒன்றும் இல்லை. நாள் முழுக்கப் பேசுவார். நான் பேசாதது அவருக்கு வசதி.

"முந்நூறு முட்டைல ஒண்ணுகூடத் தப்புலீங்க. இந்த ஒரு முட்டைதான் தப்புச்சுதுங்க" என்று தன் தலையைத் தட்டிக் காட்டுவார். பார்க்க வருகிறவர் எல்லாரிடமும் இதையே சொல்வார். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் தையல் இழுக்கும்.

அந்த ஹெல்மெட் கட்டில் கம்பியில் தொங்கியது. ஒரு பக்கம் ஓடு விண்டு, உள்ளே வெள்ளைத் தெர்மாகோல் தெரிந்தது. அதில் ஆரஞ்சுப் பழம் போட்டு வைத்திருந்தார். டாக்டரம்மாவே அதை எடுத்து எனக்குக் காட்டினார். இந்த விரிசல் இவர் தலையில் விழுந்திருக்க வேண்டியது என்றார். ஒரு தடவை அடி வாங்கிய ஹெல்மெட்டை மறுபடி போடக்கூடாது, அதன் வேலை முடிந்தது என்றும் சொன்னார்.

"நீங்களும் ஒண்ணு போட்டிருந்தா வீக்கத்தோட போயிருக்கும்" என்றார்.

"சைக்கிளுக்குங்களா?" என்றேன்.

"தரைக்கு நீங்க வந்தது சைக்கிளா மோட்டாரான்னு தெரியாதுங்க" என்றார்.

எங்கள் ஊரில் மொபெட்காரர்களே போடுவதில்லை. சைக்கிளில் போட்டால் ஊரே கூடிச் சிரிக்கும். ஆனால் அந்த வார்த்தை எனக்குள்ளேயே இருந்தது.

ஆஸ்பத்திரி நாட்களில் வலியைவிடக் கஷ்டம் பார்க்க வருகிறவர்கள். எங்கள் பக்கம் ஒருவர் படுத்தால் வேன் பிடித்துக் கூட்டமாக வருவார்கள். பன்னும் பிஸ்கட்டும் தலைமாட்டில் குவியும். வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, இதே மாதிரி அடிபட்டுச் செத்தவர்களின் கதையைச் சொல்வார்கள். என் பெரியப்பா மகன் நாலு பேர் கதை சொன்னான். நாலாமவன் பத்து நாள் நன்றாக இருந்துவிட்டு அப்புறம் போனானாம். அன்றைக்கு எனக்கு ஒன்பதாம் நாள். நாச்சிமுத்து பக்கத்துக் கட்டிலிலிருந்து, "ஏனுங்க, பொழச்சவன் கதை ஒண்ணாவது கைவசம் இருக்குதுங்களா?" என்று கேட்டார். அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்றான்.

மயிலாத்தாள் எனக்காகப் பழனிக்கு மொட்டை வேண்டியிருந்தாள். ஆபரேஷனுக்கே என் தலையைச் சிரைத்துவிட்டார்கள். அதுவே மொட்டைதானே, கணக்குத் தீர்ந்ததா என்று கேட்டேன். டாக்டருக்குக் கொடுத்த முடி டாக்டருக்கு, முருகனுக்குக் கொடுப்பதாகச் சொன்னது முருகனுக்கு என்றாள். வளர்த்துக் கொடுக்க வேண்டுமாம். சரி என்றேன்.

கைப்பயிற்சிக்கு ஒரு தம்பி வருவார். ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வார். முதல் வாரம் பந்து என் கையில் சும்மா இருந்தது. பிறகு ஒரு நாள் சுண்டுவிரல் அசைந்தது. பிறகு மற்றவை. தோளும் முழங்கையும் முன்னால் திரும்பும், விரல் நுனி கடைசியில்தான் திரும்பும் என்றார் அந்தத் தம்பி. சோறு எடுக்க வந்துவிட்டது. சட்டைப் பொத்தான் வரவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட்டால் தொட்டதே எனக்குத் தெரியாது.

மயிலாத்தாள் ஒரு நாள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். மடியில் பாவு நூல் ஒரு பிடி. ஐம்பது அறுபது இழை இருக்கும். கட்டில் கம்பியில் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி கட்டினாள். சாம்பல் கொண்டுவரவில்லை. மருதமலைத் திருநீறு ஒரு பொட்டலம், வந்தவர் யாரோ கொடுத்தது, தலைமாட்டில் இருந்தது. அதைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தாள்.

"சாமிது" என்றேன்.

"சாமி ஒண்ணும் நெனைக்காது. பிணைங்க" என்றாள்.

எடுத்தேன். இழை நழுவியது. மறுபடி எடுத்தேன். நழுவியது. அன்றைக்கு ஒன்றுகூட விழவில்லை. மறுநாளும் இல்லை. தூக்கம் வராத நேரத்தில் வெறும் விரலை உருட்டிக்கொண்டு படுத்திருப்பேன். பயம் என்றால் அதுதான் பயம். மற்றதெல்லாம் சும்மா.

நாலாம் நாள் சாயங்காலம் ஒரு முறுக்கு விழுந்தது. இழுத்தேன். வரவில்லை. நாச்சிமுத்துவிடம் ஒரு நுனியைக் கொடுத்து இழுக்கச் சொன்னேன். அவர் இழுத்தார். நூல் வேறு இடத்தில் அறுந்தது. பிணைப்பு அப்படியே இருந்தது. அவருக்கு என்ன புரிந்ததோ, கூடையிலிருந்து, அதாவது ஹெல்மெட்டிலிருந்து, ஒரு ஆரஞ்சு எடுத்துக் கொடுத்தார். மயிலாத்தாள் அறுந்த நூலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, பாத்திரம் கழுவ எழுந்து போனாள். கழுவுவதற்குப் பாத்திரம் எதுவும் இல்லை.

மூன்றாம் வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். வலிப்பு வராமல் இருக்க மாத்திரை. ஒரு வேளைகூட விடக்கூடாது. ஆறு மாதம் சைக்கிள் கூடாது. முதலாளி வந்து கூட்டிப்போனார். தன் காரில் வேண்டாம், சீட்டுக்கு இப்போதுதான் வாசனை போயிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, அதே காரில்தான் கூட்டிப்போனார்.

ஐப்பசியில் வேலைக்குப் போனேன். பஸ்ஸில். அதே அகலத் தறி. வேண்டுமென்றே அதைக் கொடுத்தாரா என்று தெரியவில்லை. நான் வலது கோடி. அவள் இடது கோடி. குடோனில் இருந்தவர்கள் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.

மெதுவாகத்தான் போனேன். பத்து இழைக்கு ஒன்று நழுவும். நிமிர்ந்து பார்க்கவில்லை. சிவப்புக் கரை கண்ணில் பட்டபோதுதான் நடுவுக்கு வந்துவிட்டேன் என்று தெரிந்தது. நிமிர்ந்தேன். மயிலாத்தாள் நடுவுக்கு வர இன்னும் ஒரு சாண் இருந்தது. இழையை எடுப்பாள், பார்ப்பாள், சாம்பல் தொடுவாள், மறுபடி சாம்பல் தொடுவாள்.

"கை நோவுதா?" என்றேன்.

"ஆமாங்க. நெம்ப நோவுது" என்றாள்.

இருபது வருஷத்தில் அவளுக்குக் கை நொந்து நான் பார்த்ததில்லை. சிவப்போடு சிவப்பைச் சேர்த்தேன். கடைசி இழையை அவளுக்கு விட்டேன்.

தை வந்தது. டாக்டரம்மா சைக்கிளுக்குச் சரி என்றார். ஹெல்மெட் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டுதான் ஏறுவேன் என்று நான் சொன்னேன். அவராகக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் காந்திபுரம் போனேன். கடைக்காரர் வண்டி என்ன என்று கேட்டார்.

"சைக்கிளுங்க."

"இல்லீங்க, ஹெல்மெட் எந்த வண்டிக்கு?"

"சைக்கிளுக்குத்தானுங்க."

அவர் உள்ளே திரும்பித் தன் கூட்டாளியைக் கூப்பிட்டார். அந்த ஆளும் வந்து பார்த்தார். நான் முடியை விலக்கித் தழும்பைக் காட்டினேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. டீ சொன்னார்கள். தலையை ஆட்டினால் ஹெல்மெட்டும் கூடவே ஆட வேண்டும், தனியாக ஆடக்கூடாது, வார் தாடைக்குக் கீழே இறுக்கமாக இருக்க வேண்டும் என்று போட்டுக் காட்டினார்கள். பூசத்துக்குப் பழனி போய் மொட்டை போட்டேன். வந்து பார்த்தால் ஹெல்மெட் கொஞ்சம் லூசு. மொட்டை போட்டுவிட்டு வாங்கியிருக்க வேண்டும். முடி வளரும்வரை வாரை ஒரு துளை இறுக்கிக்கொண்டேன்.

ஊர் சிரித்தது. ஒரு மாதம் சிரித்தது. சாயப்பட்டறைக்காரர் ஒருவர், ஆகாசத்துக்குப் போகிற வண்டி எத்தனை மணிக்கு என்று தினமும் கேட்பார். கை காட்டிவிட்டுப் போய்விடுவேன். வேர்க்கும். காது சரியாகக் கேட்காது. ஆடிக் காற்று மறுபடி வந்தபோது துண்டு மாதிரி அது அவிழவில்லை.

ஆனால் காற்று ஓய்ந்த பிறகு மயிலாத்தாள் பின்னால் கேரியரில் வெறும் தலையோடு உட்கார்ந்திருந்தாள். பாலத்து இறக்கத்தில் நான் பிரேக்கை மெதுவாகப் பிடிக்கும்போதெல்லாம் முதுகில் அது உறுத்தும். உனக்கும் ஒன்று வாங்கலாம் என்றேன். கொண்டை இருக்கிறது, அது போதும் என்றாள். பொம்பளை அதைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் எப்படிப் போவது என்றாள். கடைக்கு வா, அளவு பார்க்க வேண்டும் என்றேன். வரவே மாட்டேன் என்றாள். பேச்சில் அவளை நான் ஜெயித்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குளித்துவிட்டுத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பாவு நூல் ஒரு இழை எடுத்தேன். நெற்றிக்கு மேலே வைத்துப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்தேன். இரண்டு நுனியும் காதுக்கு மேலே சேர்ந்தன. அவளை எழுப்பாமல் ஒரே தடவையில் செய்ய வேண்டும். சாம்பல் தொட்டு வலது கையால் ஒரு முறுக்கு.

பிடித்துக்கொண்டது. வளையத்தை மெதுவாகக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காந்திபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.